காட்டு முதலை உலவும் நீரில் வழிகாட்டியோடு இறங்குவது எப்படி

‘மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா’ என்பார்கள். நீருக்குள் முதலையைப் பார்க்கப் போகிறவர் இந்தப் பழமொழியை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும். கடி விழுந்த பிறகு நம் கையில் இருப்பது மிகக் குறைவு. கடிக்கும் நிலைமையே வராமல் பார்த்துக்கொள்ள நிறைய வழி இருக்கிறது. எந்த இடம், எந்தக் குழு, எந்த நாள், எப்படி இறங்குவது, எப்போது ஏறுவது என்று ஒவ்வொன்றையும் சரியாக முடிவுசெய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். முற்றிலும் போய்விடாது. ‘முழுப் பாதுகாப்பு’ என்று விளம்பரம் செய்கிற குழுவை அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒதுக்கிவிடலாம்.

எந்த முதலை, எந்த நீர்

இந்தப் பயணங்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள் இரண்டு. ஒன்று மெக்சிகோவின் கரீபியக் கடலில் இருக்கும் பாங்கோ சின்ச்சோரோ பவளத்தீவு. 1996-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மற்றொன்று கியூபாவின் தெற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹார்டினெஸ் தே லா ரெய்னா தீவுக்கூட்டம், 2010-இலிருந்து தேசியப் பூங்கா. இரண்டு இடத்திலும் இருப்பது அமெரிக்க முதலை. உப்புநீரில் வாழப் பழகிய இனம். நாக்கில் உள்ள சுரப்பிகள் வழியாக உப்பை வெளியேற்றும். இந்த இடங்களில் நீருக்குள் எதிர்ப்படுபவை பெரும்பாலும் 2 முதல் 3.5 மீட்டர் நீளம் இருக்கும்.

அமெரிக்க முதலை சாது என்று சொல்ல வரவில்லை. இதே இனம் மெக்சிகோவின் பசிபிக் கரையிலும் கோஸ்டா ரிக்காவிலும் கலங்கிய கழிமுகங்களில் ஆட்களைத் தாக்கியிருக்கிறது. சின்ச்சோரோவில் நிலைமை வேறாக இருப்பதற்கு முதல் காரணம் நீர். தெளிந்த, இடுப்பளவிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்று மேல் வரை ஆழமுள்ள கடற்புல் தரை. முதலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பதுங்கிப் பாயும் விலங்குக்குப் பதுங்க இடமில்லை. அந்தத் தெளிவு போய்விட்டால் இனத்தின் பெயரும் தீவின் பெயரும் எந்தப் பாதுகாப்பும் தராது.

உவர்நீர் முதலையும் நைல் முதலையும் இருக்கும் நீரில் கூண்டில்லாமல் இறங்கக்கூடாது. பெரிய பாலூட்டிகளை இரையாகவே கொள்ளும் இனங்கள் இவை. உவர்நீர் முதலையின் கடி விசை 16,000 நியூட்டனுக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. போட்ஸ்வானாவின் ஒகவாங்கோவில் குளிர்காலத் தெளிநீரில் நைல் முதலைகளோடு முக்குளித்துப் படமெடுத்தவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்த ஆற்றோடு பழகியவர்கள் செய்யும் வேலை அது. விடுமுறைக்கு வருகிறவருக்கு உரியதல்ல.

முதலைக்கு நாம் எப்படித் தெரிகிறோம்

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

முதலைக்கு நீருக்கு வெளியே கண் மிகக் கூர்மை. நீருக்குள் அப்படியில்லை: பார்வை குவியாது, கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கல். அந்தக் குறையைத் தோல் ஈடுகட்டுகிறது. தாடையைச் சுற்றிலும், உடம்பில் செதிலுக்குச் செதிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாக உணர்வுறுப்புகள் உண்டு. ஒரு துளி விழுந்தால் எழும் அலையைக்கூட அவை அறியும். ஆக, கால் உதறுவதும் கை துழாவுவதும் படகிலிருந்து தொப்பென்று குதிப்பதும் முதலைக்கு ‘இங்கே ஏதோ தவிக்கிறது’ என்ற சேதி. அசையாமல் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆள், கேமராவும் சேர, அதன் கணக்கில் பெரிய, புரியாத பொருள். புரியாததை முதலை மெதுவாகத்தான் அணுகும். அந்த மெதுவில்தான் இந்தப் பயணம் முழுதும் நடக்கிறது.

நீர்ப்பரப்புதான் மோசமான இடம். முதலையின் இரை பெரும்பாலும் கரையோரத்திலும் மேற்பரப்பிலும் இருக்கும். அது கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வரும். மேலே குப்புற மிதந்து கால் அடிப்பவர் அந்த இரையின் வடிவத்திலேயே இருக்கிறார். முதலையைப் பார்த்தபடி அடித்தரையில் நிற்பவர் அப்படி இல்லை. இறங்கும் நேரமும் ஏறும் நேரமும்தான் மொத்தப் பயணத்திலும் அதிக கவனம் கேட்பவை என்று சொல்வது இதனால்தான்.

குழுவைத் தேர்ந்தெடுத்தல்

பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் சில உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை விருந்தினர் நீரில்? இரண்டு பேர் என்றால் சரி, ஒருவர் என்றால் இன்னும் நல்லது, நான்கு என்றால் வேறு குழுவைப் பாருங்கள். விருந்தினரோடு நீரில் இருக்கும் வழிகாட்டிக்குக் கேமரா உண்டா? கூடாது. அவர் கையில் கோல் இருக்க வேண்டும், கண் முதலைமேல் இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குப் படம் எடுத்துத் தருகிறோம் என்று அவரே கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றால் காவலுக்கு ஆள் இல்லை என்று பொருள். படகின் மேலே நின்று சுற்றிலும் பார்க்கத் தனியாக ஒருவர் உண்டா? இரண்டாவது முதலை பின்னால் வந்தால் அதை முதலில் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் படகோட்டியாகவும் சமையல்காரராகவும் அதே நேரத்தில் இருக்க முடியாது.

அடுத்தது, எந்த நிலையில் இறங்குவதை ரத்து செய்வார்கள் என்ற கேள்வி. நல்ல குழு இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும்: நீர் கலங்கினால், காற்று ஏறினால், இரண்டு பெரிய முதலைகள் ஒரே நேரத்தில் வந்தால், வெளிச்சம் சாய்ந்தால். ‘நீங்கள் கவலைப்படாதீர்கள், இங்கே முதலை எப்போதும் வரும்’ என்று பதில் வந்தால் கேள்வியே புரியவில்லை.

இரை காட்டி அழைப்பது பற்றியும் நேராகக் கேளுங்கள். சின்ச்சோரோவில் சிங்கமீனைக் கயிற்றில் கட்டி முதலையை அழைப்பது வழக்கம். இந்தோ-பசிபிக்கிலிருந்து வந்து கரீபியப் பவளப்பாறைகளைச் சூறையாடும் அயல் மீன் அது. அதைப் பிடிப்பதால் பாறைக்கு நன்மைதான். ஆனாலும் முதலைக்கு உணவு கிடைப்பது உணவு கிடைப்பதுதான். மனிதரையும் தீனியையும் சேர்த்து நினைக்க அது கற்றுக்கொள்ளும். எங்கள் நிலைப்பாடு இது: கயிற்றில் கட்டி, விருந்தினரிடமிருந்து தள்ளிப் போட்டு, முதலை வந்ததும் இரையை வெளியே எடுத்துவிடும் குழுவோடு போகலாம். கையால் ஊட்டுபவர், முதலையின் வாலைப் பிடிப்பவர், முதுகில் கை வைத்துப் படமெடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரோடு போகக்கூடாது. அமெரிக்க முதலை, பாதிக்கப்படக்கூடிய இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இருக்கிறது. ஆளைக் கடித்த முதலை எங்கும் நெடுநாள் உயிரோடு விடப்படுவதில்லை. கெட்ட பழக்கத்தை நாம் கற்றுக்கொடுத்துவிட்டு விலையை அதன் தலையில் கட்டுவது பெரிய அநியாயம்.

காப்பீட்டு ஆவணத்தையும் வரி வரியாகப் படியுங்கள். ஸ்நார்க்கெலுக்கும் (வாயில் குழாய் வைத்து மூச்சுவிட்டபடி மேற்பரப்பில் மிதப்பது) முக்குளிப்புக்கும் பொருந்தும் காப்பீடு, காட்டு விலங்கை வேண்டுமென்றே அணுகுவதற்குப் பொருந்தாமல் போகலாம். தீவிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது

சின்ச்சோரோவுக்குப் பயணங்கள் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. கடல் அமைதியாக இருக்கும். நீர் 28 அல்லது 29 டிகிரி. ஆனால் அட்லான்டிக் புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் 30 வரை ஓடுகிறது என்பதால் நாட்களை இறுக்கமாகத் திட்டமிடக்கூடாது. முன்னும் பின்னும் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரிக்கும் காலமும் மழையை ஒட்டி வருவதால் கண்டல் காட்டுக்கு அருகே மணல் திட்டு ஏதாவது தெரிந்தால் அதன் பக்கம் போகவே வேண்டாம். கூட்டைக் காக்கும் பெண் முதலை எச்சரிக்கைக்கு நேரம் தராது.

கான்குனிலிருந்து தெற்கே, பெலீஸ் எல்லைக்கு அருகில் உள்ள இஷ்கலாக் என்ற மீனவ ஊருக்குச் சாலை வழியே ஐந்து, ஆறு மணி நேரம். அங்கிருந்து படகு. பவளத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அலையைப் பொறுத்து இரண்டு மணி நேரம்வரை ஆகும். தங்குவது காயோ சென்ட்ரோ தீவை ஒட்டி நீருக்கு மேல் கால்நட்டுக் கட்டிய மீனவர் குடில்களில். ஊஞ்சல் படுக்கை, அளவான நன்னீர், கொஞ்சம் மின்சாரம். காப்பகத்துக்கு அனுமதியும் நுழைவுக் கட்டணமும் உண்டு. அனுமதி எடுப்பது குழுவின் பொறுப்பு, அதன் நகலைக் கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை. கியூபாவில் பயணம் ஹுக்காரோ துறைமுகத்திலிருந்து கிளம்பும். கடலில் பல மணி நேரம் போக வேண்டும், தங்குவது கப்பலில். அமெரிக்க வங்கிகளின் அட்டைகள் கியூபாவில் வேலை செய்யாது. யூரோவாகக் கையில் கொண்டு போங்கள்.

இரண்டு இடத்திலும் பெரிய மருத்துவமனை அருகில் இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே மீதி எல்லாவற்றையும் முடிவுசெய்ய வேண்டும்.

உடையும் சாமானும்

முழு நீள வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நீருடை), தடிமன் 3 மி.மீ., கறுப்பு அல்லது கருநீலம். 29 டிகிரி நீருக்கு இது எதற்கு என்று தோன்றும். அசையாமல் அரை மணி நேரம் நின்றால் வெதுவெதுப்பான நீரும் குளிரும். நடுங்கும் உடம்பு அசையும், அசைவது முதலைக்குத் தெரியும். அடர்நிறக் கையுறையும், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் கறுப்பிலும் போடுங்கள். மின்னுவது, தொங்குவது எல்லாம் கழற்றி வையுங்கள்: சங்கிலி, கடிகாரம், மோதிரம், ஆடும் ஸ்நார்க்கெல் கொக்கி. மாஸ்க்கின் மூக்குப் பகுதி உங்கள் முகத்துக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். நீர் கசியும் மாஸ்க் ஒரு சாதாரணப் பவளப்பாறையில் தொல்லை. இங்கே அது நீங்கள் தலையை வெளியே தூக்கக் காரணமாகிவிடும்.

உடம்பு மிதக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் எடைப் பட்டையில்தான் பலர் தவறுகிறார்கள். வழக்கமாக ஸ்நார்க்கெலுக்கு எடையே போடுவதில்லை. மிதப்பதுதான் அங்கே நோக்கம். இங்கே அடித்தரையில் நிலையாக நிற்க வேண்டும். 3 மி.மீ. சூட்டோடு கடல்நீரில் 3, 4 கிலோவில் தொடங்குங்கள். சோதிக்கும் முறை: ஆளுயர நீரில் அசையாமல் நிமிர்ந்து இருங்கள், சாதாரணமாக மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். நீர்மட்டம் கண்ணளவில் நின்றால் சமநிலை. அதற்கு மேல் 1 அல்லது 2 கிலோ சேர்த்தால் கடற்புல்லில் கால் பதியும். இதற்கு மேல் போனால் ஏணியில் ஏறும்போது உடம்பு இழுக்கும். பட்டையின் கொக்கி ஒரு கையால் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். கேமரா பட்டை அதன் மேல் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமான் பட்டியலில் விடக்கூடாதவை இன்னும் இரண்டு. ஆளுக்கொரு ரத்தக்கட்டுப் பட்டை (ரத்தம் பீறிட்டால் கை, காலில் இறுக்கிக் கட்டுவது), அதுவும் ஒரே கையால் இறுக்கக்கூடிய வகை. படகில் கூடுதலாக இரண்டு. அழுத்திக் கட்ட அகலமான துணிக்கட்டுகள். புறப்படுமுன் டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகவில்லையா என்று பாருங்கள்.

போகுமுன் பயிற்சி

ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீச்சல்குளம் போதும். எடை கட்டி, மாஸ்க் அணிந்து, கேமராவை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்து, ஸ்நார்க்கெல் வழியே மூச்சுவிட்டபடி பத்து நிமிடம் ஒரே இடத்தில் நில்லுங்கள். பிறகு மாஸ்க்கில் வேண்டுமென்றே நீர் புகவிட்டு, தலையைத் தூக்காமல் வெளியேற்றுங்கள். பிறகு பின்பக்கமாகவே நடந்து ஏணியைத் தொட்டு, நண்பரிடம் கேமராவைக் கொடுத்து ஏறுங்கள். மூன்றாவது நாள் பத்து நொடிக்குள் முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் மேலும் பழகுங்கள்.

மூச்சடக்கி இறங்கப் போகிறவர்கள் 30 நொடிக்கு மேல் திட்டமிட வேண்டாம். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டுத் தயார் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆழம் குறைந்த நீரிலும் மயக்கம் வரும்.

நீரில் இறங்கும் நாள்

வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஏறக்குறைய 9 மணிக்கு மேல், 3 மணிக்குள். சூரியன் சாய்ந்தால் மேற்பரப்பு பளபளத்துப் படகுக் காவலரின் பார்வையை மறைக்கும். இறங்குமுன் படகிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டையோ ஃபின்னையோ கயிற்றில் கட்டி நீருக்குள் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். 8 மீட்டர் தொலைவில் அது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் அளவு. 5 மீட்டருக்குக் கீழே போனால் அன்றைக்குப் பேச்சே இல்லை. எவ்வளவு பணம் கட்டி வந்திருந்தாலும் சரி.

வரும் வழியில் சிங்கமீன் பிடித்திருந்தால் அந்தப் பெட்டி படகின் ஒரு முனையிலும் விருந்தினர் இறங்கும் ஏணி மறுமுனையிலும் இருக்க வேண்டும். மீனைத் தொட்ட கையுறையோடு யாரும் நீரில் இறங்கக்கூடாது. சிறு விஷயமாகத் தெரியும். ஆனால் முதலை கேமராவை விட்டுவிட்டு ஒருவரின் கையையே மோந்துகொண்டு வந்தால் காரணம் பெரும்பாலும் அந்தக் கையுறைதான். சிங்கமீனின் முட்களில் விஷமுண்டு. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு முதலை கிடையாது. ஆறாத வெட்டுக்காயம் உள்ளவருக்கும் அப்படியே. முந்தின இரவு மது அருந்தியவருக்கும்.

இறங்கும் வரிசை இது. முதலில் கோல் பிடித்த வழிகாட்டி இறங்கி, முதலை எங்கே என்று உறுதிசெய்வார். கோல் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, முனை மழுங்கிய தடி. குத்துவதற்கல்ல, இடைவெளி காப்பதற்கு. அவர் கை அசைத்த பிறகே முதல் விருந்தினர் ஏணியில் முகம் நீரைப் பார்க்க மெல்ல இறங்குவார். குதிப்பதும் முதுகுப்பக்கமாகச் சரிவதும் இங்கே இல்லை. கால் தரையைத் தொட்டதும் நேரே வழிகாட்டியின் பின்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் போய் நிற்க வேண்டும். கேமராவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகுதான் அடுத்தவர். படகு எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் சில மீட்டருக்குள், எஞ்சின் அணைத்து, நங்கூரத்தில்.

நின்ற பிறகு மூன்றே வேலை. முகம் நீருக்குள். கண் முதலைமேல். கை உடம்போடு. பேச வேண்டுமென்று தலையைத் தூக்கினால் அந்த நொடியில் இடுப்புக்குக் கீழே இருப்பது உங்களுக்குத் தெரியாது. பேச்சுக்குப் பதில் தொடு சைகை: தோளில் ஓர் அழுத்தம் என்றால் அப்படியே நில், பின்னால் இழுத்தால் படகுக்குத் திரும்பு என்பது போல இறங்குமுன்பே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தச் சைகைக்கு மறுபேச்சு கிடையாது; இன்னும் ஒரு படம் என்பதும் கிடையாது.

முதலை வரும் விதத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. பெரும்பாலும் நீந்தி வராது, நடந்து வரும். வயிறு கடற்புல்லை உரச, நகம் பதியும் இடத்தில் மட்டும் சின்னச் சின்ன மணல் புகை எழும். வாய் மூடியிருந்தாலும் பல் தெரியும்; கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே நிற்கும். வாயைத் திறந்தால் தொண்டைக்கு முன்னால் ஒரு வெளிறிய மடிப்பு கதவு போல அடைத்திருப்பது தெரியும். நீருக்குள் வாய் திறந்தும் நீர் உள்ளே போகாதது அதனால்தான். கேமராவின் கண்ணாடிக் குமிழை அது மூக்கால் முட்டுவதும் உண்டு. முட்டினால் பின்வாங்காதீர்கள், அசையாமல் நின்று கேமராவைக் கேடயமாக முன்னால் வைத்திருங்கள், கோலால் திருப்புவது வழிகாட்டியின் வேலை. அவர் தாடைக்கடியில் கோலை வைத்து லேசாகத் தூக்கினால் பெரும்பாலும் அது திரும்பிவிடும்.

அதன் தலைக்குப் பக்கவாட்டில் நிற்காதீர்கள். முதலை பெரும்பாலும் பக்கவாட்டில் தலையை வீசித்தான் கவ்வும். முன்னால் தெரியும் வாயைவிடப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மீட்டர் வட்டம் ஆபத்து. பின்னால் போய் வாலருகே நிற்பதும் வேண்டாம். அது போக நினைத்தால் போகட்டும். பின்தொடர்ந்து நீந்துவது, வழியை மறிப்பது, கண்டல் வேர்களுக்குள் துரத்துவது எல்லாம் அதை மூலைக்குத் தள்ளுவது.

எப்போது ஏறுவது

சைகைக்குக் காத்திராமல் நீங்களே பின்வாங்கத் தொடங்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. நடந்து வந்தது, திடீரென்று வாலை வளைத்து உடம்பை எஸ் எழுத்துப்போல் சுருக்குவது. இது பாய்ச்சலுக்கு முந்தைய நிலை. மேற்பரப்பில் உடம்பை உப்பி, தலையையும் வாலையும் தூக்கி நிற்பது. தாடையால் நீரை அறைவது. இவை ‘இது என் இடம்’ என்ற அறிவிப்பு, பெரும்பாலும் இன்னொரு முதலைக்கு. ஆனால் நடுவில் நிற்பது நீங்கள். இரண்டாவது முதலை வந்தால், அது சிறியதாக இருந்தாலும், ஏறிவிட வேண்டும். பெரியது சிறியதைத் துரத்தும். துரத்தப்படுவது எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி: முதலை கண்ணிலிருந்து மறைந்தால் வெளியேறு. தேடாதே. கலங்கிய ஒரு திட்டுக்குள் நுழைந்து பத்து நொடி தெரியவில்லை என்றாலே போதும். ஓய்வாக இருக்கும் முதலை ஒரு மணி நேரத்துக்கு மேலும் மூச்சடக்கிக் கிடக்கும். நீங்கள் காத்திருந்து ஜெயிக்க முடியாது.

நீரைக் கலக்குவது பெரும்பாலும் விருந்தினரின் ஃபின்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை தரையை உதைத்தால் எழும் மணல் மேகம் அமைதியான நீரில் பல நிமிடம் நிற்கும். நகர வேண்டுமானால் காலைத் தூக்கிவைத்து நடங்கள்.

ஏறும்போது முகம் முதலைப் பக்கமே இருக்க, பின்னால் நகர்ந்து ஏணியைத் தொடுங்கள். கேமரா, பிறகு எடைப் பட்டை, இரண்டையும் மேலே கொடுத்துவிட்டு ஒரே மூச்சில் ஏறுங்கள். ஏணியில் பாதியில் உட்கார்ந்து ஃபின் கழற்றுவதைப் பல இடத்தில் பார்க்கலாம். காலை நீரில் தொங்கவிட்டு முதுகைத் திருப்பி உட்காருவதைவிட மோசமான நிலை வேறில்லை. வழிகாட்டி கடைசியாக ஏறுவார். ஒரு சுற்று 20 முதல் 30 நிமிடம் போதும். அதற்கு மேல் கவனம் நழுவும்.

படம் எடுக்கிறவர்களுக்கு

மீன்கண் லென்ஸ் அல்லது மிக அகன்ற கோண லென்ஸ், அதன்மேல் கண்ணாடிக் குமிழ். வேகம் 1/160 முதல் 1/250, துளை எஃப் 8 முதல் 11, ஐ.எஸ்.ஓ. 200 முதல் 400. ஆழம் குறைவு, மணல் வெளுப்பு என்பதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ஃப்ளாஷைக் குறைந்த அளவில், அதைத் தாங்கும் கம்பிகளைக் கேமராவின் இரு பக்கமும் அகல விரித்து வையுங்கள். நடுவில் வைத்தால் முகத்துக்கு முன்னால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகும். எல்லாவற்றையும் படகிலேயே அமைத்துவிடுங்கள்; முதலைக்கு முன்னால் நின்று திரையைப் பார்த்துப் பொத்தான் தேடுவது கூடாது.

கேமராப் பட்டையை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். முதலை கேமராவைக் கவ்வினால் விட்டுவிட வேண்டும். பட்டை மாட்டியிருந்தால் கையும் சேர்ந்து போகும். சின்னக் கேமராவை நீளக் கோலில் மாட்டி முதலையின் வாய்க்குள் நீட்டுவது போன்ற வேலையை எந்த வழிகாட்டி அனுமதித்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். பாதி மேலே பாதி கீழே தெரியும் படம் எல்லாரும் ஆசைப்படுவது. அதை எடுக்கும்போது உங்கள் கண் நீருக்கு வெளியே போய்விடுகிறது. எனவே வழிகாட்டி உங்களுக்காக மட்டும் நிற்கும்போது, ஐந்து நொடிக்கு மேல் இல்லாமல் எடுங்கள்.

கடி விழுந்தால்

கவ்விய கையையோ காலையோ வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழியும். முதலை சுழலத் தொடங்கினால் அதோடு சேர்ந்தே சுழல்வது எலும்பையும் மூட்டையும் காக்கும் வாய்ப்பைக் கூட்டும். கண்ணைக் குறிவைத்து அழுத்தலாம். கை தொண்டைவரை போய்விட்டிருந்தால் அந்த மடிப்பை அழுத்தித் தள்ளுவது அது வாயைத் திறக்க வைக்கலாம்: மடிப்பு விலகினால் தொண்டைக்குள் நீர் ஏறும். உத்தரவாதமில்லை, செய்ய வேறெதுவும் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியது.

படகில் ஏற்றியதும் ரத்தத்தை நிறுத்துவதே முதல் வேலை. கையால் நேரடியாக அழுத்துங்கள். பீறிட்டு வந்தால் காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்டிமீட்டர் தள்ளி, மூட்டின்மேல் படாமல், ரத்தக்கட்டுப் பட்டையை ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். வலிக்கிறதென்று தளர்த்தக்கூடாது. சிறு பற்குறியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். முதலையின் வாயில் இருக்கும் கிருமிகள் ஆழமாகப் போய்த் தங்கும், மேலே ஆறினாலும் உள்ளே சீழ்பிடிக்கும். துளைக் காயத்தை மேலே தைத்து மூடாமல், நன்றாகக் கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்கச் சொல்லுங்கள். இஷ்கலாக்கிலிருந்து சேட்டுமால் நகரத்து மருத்துவமனைக்குப் படகுக்குப் பிறகும் சாலையில் சில மணி நேரம் ஆகும் என்பதால் கம்பியில்லாத் தொடர்பில் தகவல் சொல்வதும் ரத்தம் நிறுத்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்று காலையிலேயே பெயர் சொல்லிப் பிரித்திருக்க வேண்டும்.

குடிலில் இரவு

பகலில் இவ்வளவு ஒழுங்காக இருந்தவர்கள் மாலையில் பலகைத் தளத்தில் உட்கார்ந்து காலை நீரில் தொங்கவிடுவது உண்டு. மீனவர் மீன் சுத்தம் செய்து கழிவை நீரில் போடும் இடத்துக்குத்தான் முதலைகள் காலங்காலமாக வந்து பழகியிருக்கின்றன. பகலில் நீங்கள் பார்த்த முதலை அந்தக் குடிலுக்கு அடியிலேயே இருட்டில் காத்திருக்கும். டார்ச் அடித்தால் சிவப்பாக இரண்டு புள்ளி திரும்பிப் பார்க்கும். தட்டு கழுவுவது, பல் துலக்கித் துப்புவது, விழுந்த செருப்பை எடுக்கக் கை நீட்டுவது எல்லாம் தளத்தின் விளிம்பில் வேண்டாம். வாளியில் நீர் மொண்டு நடுவில் வைத்துச் செய்யுங்கள். கழிவறைக்குப் போக நடைபலகை ஈரமாக இருந்தால் துணைக்கு ஒருவரை எழுப்புங்கள். படகிலிருந்து குடிலுக்கு ஏறுவதும் வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும்.

பவளப்பாறையில் சிலிண்டரோடு முக்குளிப்பும் சேர்த்துச் செய்திருந்தால், கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரம் விடுங்கள். கடைசி நாளை முதலைக்கென்றே ஒதுக்கி வைத்தால் இந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.